நாங்கள் படிக்கப் போகும் கட்டடம்



இம்முறை உங்களோடு ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கட்டடம் கட்டுவது பொறியியலாளரின் வேலை, மேசனின் வேலை, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு பழைய கதை. மீள்குடியேறி ஒரு வருடம் கழிந்திருந்தது. 2011ஆம் ஆண்டு, பூநகரிப் பக்கத்தில் கடனீரேரிக் கரையோரமாக ஒரு மண்டபத்தில் தையல் பயிற்சி தொடங்கினார்கள். இருபத்தைந்து பேர் போலச் சேர்ந்தோம். எல்லோரும் வீட்டுப் பொறுப்பைத் தனியாகச் சுமக்கிறவர்கள். தையல் பழகி, ஒரு மெஷினும் கிடைத்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரே நினைப்போடு போனோம்.

மண்டபம் புதியது, சுவர்களுக்கு வெள்ளை அடித்திருந்தது. ஆனால் தாழ்ந்த நிலத்தில் நின்றது. ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் முற்றத்தில் தண்ணீர் நின்றது. கார்த்திகையில் அது வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மெஷின்களைத் தூக்கி மேசை மேல் வைத்தோம். மேசை போதாமல் சில மெஷின்கள் தண்ணீரிலேயே நின்றன. தை பிறந்து வெயில் கண்டபோது சக்கரங்கள் சுற்றவில்லை, ஊசித்தண்டில் துரு. உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் இரும்பை விட்டு வைக்குமா?

தண்ணீர் மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. மலசலகூடம் கட்டடத்துக்குப் பின்னால், கரைப்பக்கமாகத் தனியே இருந்தது. கதவுக்குக் கொக்கி இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிப் பயந்து பயந்து இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். தனியே போகப் பயந்து, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் எங்களோடு இருந்தார்கள். ஷெல் பட்டு ஒரு காலை இழந்த தங்கச்சி ஒருத்தி ஊன்றுகோலோடு வந்தாள். வாசலில் நான்கு படி. ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் பிடித்து ஏற்ற வேண்டும். ஒரு நாள் அவள் சொன்னாள்: “அக்கா, நான் பழக வந்தனான். உங்களைக் கஷ்டப்படுத்த வரேல்ல.” அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

கைக்குழந்தைக்காரர் நின்றார்கள். மழைக்குப் பயந்தவர்கள் நின்றார்கள். கடைசியில் சான்றிதழ் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். “பெண்களுக்கு ஆர்வம் குறைவு” என்று அறிக்கையில் எழுதினார்களாம். எங்களுக்கு ஆர்வம் குறையவில்லை, சகோதரிகளே. அந்தக் கட்டடம்தான் எங்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பியது. அதை அப்போது எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது புதுக் கதைக்கு வருகிறேன். அதே கரையில், கொஞ்சம் தள்ளி, பெண்களுக்கான ஒரு தொழிற்பயிற்சி நிலையம் கட்டப்போவதாகச் சொல்லி எங்கள் மாதர் சங்கத்தைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். தையல், பனையோலைக் கைப்பணி, கடலுணவு பதனிடல் என்று மூன்று பயிற்சிகள். ஓர் இளம் பொறியியலாளர் வரைபடத்தை மேசையில் விரித்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகவே பேசினார்.

“அம்மாமார், அக்காமார், ஏதும் கருத்து இருந்தாச் சொல்லுங்கோ.”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரோ ஒருத்தி மட்டும், “கட்டித் தந்தாலே போதும் தம்பி” என்றாள். நானும் தலையாட்டினேன். ஆனால் வரைபடத்தில் என் கண்ணுக்கு முதலில் பட்டது வாசலில் இருந்த நான்கு படிகள்தான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி பெறும் என் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஏனம்மா பேசாமல் இருந்தனீங்கள்?” என்று கேட்டாள். பிறகு கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினாள். தண்ணீரில் மிதக்கும் ஒரு மூங்கில் பள்ளிக்கூடம்! அதைப் பற்றித் தேடி வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பள்ளி பங்களாதேசத்தில், தலேஸ்வரி ஆற்றின் கரையில், தெற்குக் கானார்சோர் என்ற இடத்தில் இருக்கிறது. பெயர் ஆர்கேடியா கல்வித் திட்டம். அதைத் தொடங்கியவர் ராசியா அலாம் என்ற பெண்மணி. இங்கிலாந்தில் ஆசிரியையாக வேலை செய்தவர். நாடு திரும்பி, தன் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பள்ளி நடந்த இடத்தின் குத்தகை முடிந்ததும் ஆற்றங்கரையில் ஒரு காணி வாங்கினார். அந்தக் காணியோ வருடத்தில் ஏறத்தாழ ஐந்து மாதம் வெள்ளத்தில் கிடக்கும் காணி.

கட்டடக் கலைஞர் சைஃப் உல் ஹக்கிடம் வேலை போனது. இப்படிப்பட்ட நிலத்தில் வழக்கமாக இரண்டு வழிதான் சொல்வார்கள். ஒன்று, மண் கொட்டி மேடாக்குவது. மற்றது, தூண்களை நிறுத்தி அதன் மேல் கட்டுவது. மேடாக்கினால் தண்ணீரின் போக்கு மாறும், அங்குள்ள உயிர்களுக்கும் பாதிப்பு. அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். கோடையில் நிலத்தில் இருக்கட்டும், வெள்ளம் வந்தால் தண்ணீரோடு மேலே எழும்பட்டும் என்று கட்டடத்தையே அமைத்துவிட்டார்.

அது எப்படி நடக்கிறது? மூங்கில் சட்டங்களுக்குள் பழைய இரும்புப் பீப்பாக்களை வைத்து அடித்தளம் செய்தார்கள். தண்ணீர் ஏறும்போது பீப்பாக்கள் கட்டடத்தைத் தூக்கிவிடும். அது அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, நிலத்தில் ஆழமாக இறக்கிய மூங்கில் கம்பங்களோடு பிணைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றிக் கட்டடம் கீழே இறங்கும்போது அடிபடாமல் இருக்கப் பழைய டயர்களை மெத்தை போல அடியில் போட்டார்கள். வகுப்பறைகள், அலுவலகம், திறந்த மேடை, மலசலகூடம், கழிவுத்தொட்டி, தண்ணீர்த்தொட்டி எல்லாமே மிதப்பவைதான். மூங்கில்களைப் பெரும்பாலும் கயிற்றால்தான் கட்டியிருக்கிறார்கள், கம்பியால் அல்ல. கம்பி துருப்பிடிக்கும் அல்லவா? முன்பள்ளி, விடுதி, குழந்தைகள் பராமரிப்பு, தொழிற்பயிற்சி என எல்லாவற்றுக்கும் இடம் வைத்துத் திட்டமிட்ட கட்டடம் அது. 2016இல் வேலை முடிந்தது. 2019ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற ஆறு திட்டங்களில் இதுவும் ஒன்று.

வாசித்தபோது ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். மூங்கிலில் தண்ணீர் ஊறாமல் இருக்க, ‘காப்’ என்ற காயை அவித்து எடுத்த சாற்றைப் பூசினார்களாம். அது அங்கே பரம்பரை பரம்பரையாக வரும் முறை. அந்தக் காய் எது என்று பார்த்தால், எங்கள் பனிச்சங்காய்! நைலோன் வலை வருவதற்கு முன்பு பருத்தி நூல் வலை உக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து எடுத்த கதையை எங்கள் அப்பு சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்புவுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உலகப் பரிசு வாங்கிய கட்டடத்தில் இருக்கிறது. அப்படியானால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல நாங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மகள் இன்னொரு கட்டடத்தையும் காட்டினாள். அதுவும் பங்களாதேசம்தான், காய்பாந்தா என்ற மாவட்டம். ரூனா கான் என்ற பெண்மணி 2002இல் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஷிப்’ நிறுவனத்தின் பயிற்சி நிலையம் அது. வரைந்தவர் காஷெஃப் மஹ்பூப் சௌத்ரி. 2011இல் கட்டி முடித்தார்கள். 2016இல் அதற்கும் அதே விருது கிடைத்தது. அங்கேயும் வெள்ளம் ஏறும் தாழ்நிலம். முழு நிலத்தையும் நிரப்பி உயர்த்தக் கையில் இருந்த பணம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே சுற்றிவர மண்ணால் அணை கட்டி, அதற்குள் உள்ளூர்ச் செங்கல்லால் பதிவாகக் கட்டினார்கள். கூரைக்கு மேல் மண் போட்டுப் புல் வளர்த்திருப்பதால் உள்ளே சூடு குறைவு. உள்ளே விழும் மழைத் தண்ணீருக்குக் குளம் வைத்து, இறைத்து வெளியேற்றவும் வழி செய்திருக்கிறார்கள்.

பாருங்கள், ஒரே நாடு, ஒரே வெள்ளம். ஒருவர் தண்ணீரோடு எழும்பினார், மற்றவர் தண்ணீரை வெளியே நிறுத்தினார். ஆனால் இருவருமே இங்கே தண்ணீர் எவ்வளவு, எத்தனை மாதம், எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்த பிறகுதான் வரைந்தார்கள். எங்கள் பழைய மண்டபத்தை வரைந்தவர் அதைக் கேட்கவேயில்லை.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரியல்ல. நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தின் கடனீரேரியில் மக்கோக்கோ என்ற மீனவக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே குன்லே அடெயெமி என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 2013இல் ஒரு மிதக்கும் பள்ளி கட்டினார்கள். 256 பிளாஸ்டிக் பீப்பாக்களின் மேல் முக்கோண வடிவில் மூன்று தட்டு. உலகமே புகழ்ந்தது. 2016 மே மாதம் இத்தாலியின் வெனிஸ் நகரக் கண்காட்சியில் அதன் மாதிரிக்குப் பரிசும் கிடைத்தது. அடுத்த மாதம், ஜூன் 7ஆம் திகதி, பெருமழையில் மக்கோக்கோவில் நின்ற பள்ளி சரிந்து விழுந்தது. பிள்ளைகளை முன்னரே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவர்களுக்கு அந்தப் பள்ளி இல்லாமல் போய்விட்டது. தண்ணீரில் நிற்கும் கட்டடத்தை நாளாந்தம் கவனிக்க வேண்டும். கட்டியவர் போன பிறகு யார் கவனிப்பது, செலவு யாருடையது என்ற கேள்விக்குத் திறப்பு விழாவுக்கு முன்பே பதில் இருக்க வேண்டும்.

“அப்ப நாங்களும் மிதக்கிற கட்டடம் கேட்பமா?” என்று மகளைக் கேட்டேன். அவள் சிரித்தாள். “இல்லையம்மா. அது ஆற்று வெள்ளம், நல்ல தண்ணி. எங்கட உப்புத் தண்ணியில இரும்புப் பீப்பா எத்தனை நாளைக்கு நிக்கும்? அவையளின்ர கட்டடத்தை எடுக்க வேண்டாம். அவையள் கேட்ட கேள்வியளை எடுங்கோ.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் போலக் காணிக்குப் போனோம். எங்கள் கிராமத்து ஆச்சி ஒருவரையும் கூட்டிப் போனோம். அவர் ஒரு பனையைக் காட்டினார். “2008 கார்த்திகைப் புயலுக்குத் தண்ணி இதில நிண்டது” என்று தன் இடுப்பளவில் கை வைத்தார். நிஷா என்று பெயர் சொன்ன அந்தப் புயலின் மழையை வடக்கில் மறந்தவர்கள் இருக்க முடியாது. அந்த இடத்தில் பனையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு வந்தோம். பிறகு வேப்ப மரத்தடியில் இருந்து எங்கள் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதினோம். கடற்கரையோரம், கடனீரேரிக் கரை, குளக்கரை என்று எங்கே கட்டடம் வந்தாலும் உங்களுக்கும் உதவும் என்பதால் அவற்றைத் தருகிறேன்.

ஒன்று, தண்ணீர். கடந்த காலத்தில் வெள்ளம் ஆகக் கூடுதலாக எந்த மட்டத்துக்கு வந்தது? உள்நிலம் அதைவிட உயரமா? மெஷின், நூல், சாமான் வைக்கும் அறை எல்லாவற்றையும் விட உயரத்தில் இருக்கிறதா? நிலத்தை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகாதா?

இரண்டு, உப்பு. கொங்கிறீற்றுக்குப் போடும் மணல் உப்பில்லாத மணலா? கடல் மணலைப் போட்டால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும். பிறகு சீமெந்து வெடித்துக் கழன்று விழும். உப்புக் காற்றுள்ள இடத்தில் கம்பிக்கு மேல் இருக்கும் கொங்கிறீற்று தடிப்பாக இருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள்.

மூன்று, காற்றும் வெளிச்சமும். தைக்கிறவளுக்கும் ஓலை பின்னுகிறவளுக்கும் கண்தான் முதல். எதிரெதிரே யன்னல் இருந்தால் காற்று ஓடும். வெயிலும் சாரலும் உள்ளே அடிக்காமல் கூரை நன்றாக வெளியே நீண்டு, விறாந்தை அகலமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் விறாந்தையும் ஒரு வகுப்பறைதான்.

நான்கு, மலசலகூடம். விறாந்தை வழியாகவே போகக்கூடிய இடத்தில், உள்ளே கொக்கி, வெளிச்சம், தண்ணீர், மாதவிடாய்த் துணிகளைக் கழுவவும் அப்புறப்படுத்தவும் வசதி. கழிவுக்குழி கிணற்றுக்கும் தாழ்ந்த கரைக்கும் தள்ளி இருக்க வேண்டும். வெள்ளத்தில் அது நிரம்பினால் ஊருக்கே வருத்தம்.

ஐந்து, வாசல். படிக்குப் பதிலாக, அல்லது படியோடு சேர்த்து, ஒரு சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் இருந்தால் சக்கர நாற்காலிக்காரர் ஏறலாம். பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோருக்கு இவ்வசதி இருக்க வேண்டும் என்று எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டே ஒழுங்குவிதி வந்துவிட்டது. இது உரிமை, சகோதரிகளே, இரந்து கேட்பதல்ல.

ஆறு, பிள்ளைகள். தாய் தைக்கும்போது குழந்தை எங்கே இருக்கும்? தாயின் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஓர் அறை, தண்ணீர்ப் பக்கம் போகாதபடி ஒரு வேலி.

ஏழு, அனுமதியும் பராமரிப்பும். கடற்கரையில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். அது எடுத்தாயிற்றா? ஆண்டுதோறும் கூரை, கதவு, தொட்டி பார்ப்பது யார்?

அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியோடு போனோம். எழுந்து நின்றபோது என் கை நடுங்கியது. முகாமில் எத்தனையோ வரிசைகளில் கொடுத்ததை வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். ‘கிடைத்ததே பெரிது’ என்ற நினைப்பு எங்கள் எலும்புக்குள் போய்விட்டது. அதிகம் கேட்டால் தருவதையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. கால் இழந்த அந்தத் தங்கச்சியை நினைத்துக்கொண்டு வாசித்தேன்.

அந்தப் பொறியியலாளர் கோபிக்கவில்லை. பனையில் கட்டிய கயிற்றைப் பற்றிச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அக்கா, இதை முந்தியே சொல்லியிருக்கலாமே. எனக்கு இந்த ஊர் மழை தெரியாது” என்றார். அன்று பின்னேரமே எங்களோடு காணிக்கு வந்து கயிற்று மட்டத்தை அளந்தார். உள்நிலத்தை உயர்த்தவும், சாய்தளம் வைக்கவும், மலசலகூடத்தை விறாந்தை முடிவுக்குக் கொண்டுவரவும் ஒப்புக்கொண்டார். காணியைச் சுற்றி மண் கொட்டாமல், கட்டடத்தின் அத்திவாரத்தை மட்டும் உயர்த்தி, தண்ணீர் ஓடப் பக்கத்தில் வாய்க்கால் விடுவதாகவும் சொன்னார்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. பிள்ளைகள் அறைக்கு நிதி இல்லை என்றார்கள். எங்களுக்கு மனவருத்தம்தான். விறாந்தை ஓரமாகக் கிடுகால் ஒரு கொட்டில் போட நாங்களே தீர்மானித்திருக்கிறோம். அடுத்த வருடம் மறுபடியும் கேட்போம். பராமரிப்புக்காகச் சங்கத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்கவும் பேசியிருக்கிறோம்.

சென்ற கிழமை அந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது செயற்கைக் கால் இருக்கிறது. வரைபடத்தின் பிரதியை விரித்துச் சாய்தளத்தைக் காட்டினேன். விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதில நான் தனிய ஏறுவன் என்னக்கா?” என்று கேட்டாள். “ஏறுவாய்” என்றேன்.

உங்கள் ஊரிலும் ஒரு நாள் யாரோ ஒருவர் மேசையில் வரைபடத்தை விரிப்பார். பயிற்சி நிலையமோ, முன்பள்ளியோ, வீட்டுத்திட்டமோ, எதுவாகவும் இருக்கலாம். அப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராதீர்கள். கோடு தாளில் இருக்கும்போது அழித்து எழுதலாம், சீமெந்து காய்ந்த பிறகு முடியாது. மழை எங்கே நின்றது, எந்த ஒழுங்கையில் இருட்டு, எந்தப் படியில் யார் விழுவார் என்பது அங்கே வாழ்கிற உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி